காஞ்சியில் நாட்கணக்கு: கலியுகத்திலிருந்து விரிதாள் வரை

2019 ஜூலை 1 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் என்ற அத்திமரத் திருமேனியின் தரிசனம் தொடங்கியது. ஆகஸ்ட் 17 அன்று அவர் மறுபடியும் அனந்தசரஸ் குளத்துக்குள் எழுந்தருளினார். ஒரு மண்டலம், 48 நாள். இந்த இரண்டு தேதிகளையும் எக்செலில் இட்டுக் கழித்துப் பார்த்தால் விடை 47. எக்செல் இடைவெளியைச் சொல்கிறது. மண்டலமோ தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணுகிறது. 1 கூட்டினால்தான் கோயில் கணக்கு வரும். பொது தரிசனம் ஆகஸ்ட் 16-உடன் முடிந்துவிட்டதால், வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் 47 தான் சரி என்பார்கள்!

எக்செல் விரிதாளுக்குள் ஜூலையும் இல்லை, ஆகஸ்டும் இல்லை. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து ஓடும் வரிசை எண்தான் இருக்கிறது. தரிசனம் தொடங்கிய நாள் 43647. அவர் குளத்துக்குத் திரும்பிய நாள் 43694. நேரம் ஒரு நாளின் பின்னம்: நண்பகல் 0.5, ஒரு நாழிகை அறுபதில் ஒரு பங்கு.

தேதியை எண்ணாக்கிக் கழிக்கும் இந்த உத்தி பஞ்சாங்கக்காரருக்குப் பழையது. கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, கலியுகத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அன்று முதல் கழிந்த நாட்களே கலி தினம். எக்செல் எண்ணோடு 1826553-ஐக் கூட்டினால் அது கிடைத்துவிடும். அத்திவரதர் தரிசனம் தொடங்கிய நாளுக்கு 18,70,200. ஏழால் வகுத்தால் மீதி 3. வெள்ளியிலிருந்து மூன்று நாள் தள்ளினால் திங்கள். அன்று திங்கட்கிழமையேதான்.

வாக்கியப் பஞ்சாங்கத்தார் இதற்கு மேலும் போவார்கள். கலி தினத்திலிருந்து 16,00,984-ஐக் கழித்து, மீதியை 12372, 3031, 248 ஆகியவற்றால், ஒவ்வொரு முறையும் மிஞ்சுவதை எடுத்துக்கொண்டு, வரிசையாக வகுப்பார்கள். மேற்படி நாளுக்குக் கடைசியில் மிஞ்சுவது 63. எழுத்துகளே எண்களாக நிற்கும் 248 சந்திர வாக்கியங்களில் 63-ஆவதை எடுத்து, துருவம் எனப்படும் உரிய சேர்ப்பு எண்களைக் கூட்டினால் சூரியோதயத்தில் சந்திரன் நிற்கும் இடம் தெரியும். மனப்பாடமே இங்கே அட்டவணை.

அந்த அட்டவணை தரையிலும் இயங்கியது. 1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் சோழிகளை அடுக்கிச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் ‘கால சங்கலிதம்’ நூலில் பதிவு செய்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடமே. முடிவு நேரத்திலோ 52 நிமிடம்.

கல்வெட்டுகள் வேறுவிதத் தலைவலி. அரசரின் ஆட்சியாண்டு, மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருக்கும்; ஆங்கிலத் தேதி இருக்காது. சென்னையில் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் கொண்டுவந்த பெரும் அட்டவணைகள் கி.பி. 700 முதல் 1799 வரை இந்தச் சிக்கலைத் தீர்த்தன. கிழமையும் நட்சத்திரமும் பொருந்துகின்றனவா என்று ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்துச் சரிபார்த்தார்கள்.

அத்திவரதர் முந்தைய முறை வெளியே வந்தது 1979. தனிநபர் கணினிக்கான முதல் விரிதாளான விசிகால்க் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனாலும் சுவையானது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3, 1900-ஐ லீப் ஆண்டாக எண்ணிவிட்டது. லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று எக்செலும் அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றது. அதனால் 60 என்ற எண்ணைத் தேதியாக்கினால், வராத நாளான 1900 பிப்ரவரி 29 வந்து நிற்கும். மேலே சொன்ன 1826553-உம் 1900 மார்ச் 1 முதல்தான் செல்லும்.

1900-க்கு முந்தைய தேதி எக்செலுக்கு வெறும் எழுத்து, கழிக்க முடியாது. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயிலின் கணக்குக்கு அது போதாது. லிப்ரே ஆபிஸ் கால்க் தன் பூஜ்யத்தை 1899 டிசம்பர் 30-இல் வைத்து, அதற்கு முந்தைய நாட்களைக் குறை எண்களாகக் கொள்கிறது. 1900 மார்ச் முதல் எக்செலோடு ஒத்துப்போகும். பின்னோக்கிப் போனாலும் நிற்காது.