‘என்றார் பிறரும்’: யார் அந்தப் பிறர்?

ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் மிகவும் சலிப்பூட்டும் வேலை எது என்று கேட்டால், பெரும்பாலோர் அடிக்குறிப்பைத்தான் சொல்வார்கள். ஆசிரியர் பெயர், நூல், பதிப்பாண்டு, பக்க எண்... நெறியாளர் கேட்கிறாரே என்று கடைசி வாரத்தில் அவசர அவசரமாக ஒட்டவைப்பார்கள். இவற்றைக் குறிக்காமல் விட்டால் அப்படி என்னதான் ஆகிவிடும்? தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தது 1880-இல். அந்த ஆண்டே சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப்பைச் சந்தித்தார். அவருடைய தூண்டுதலால் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தார். மூலம் கடினமாக இருந்தது. துணைக்கு நச்சினார்க்கினியர் உரை உண்டு. ஆனால் அந்த உரையே இன்னொரு புதிர். உரையாசிரியர் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வார், சான்றாக ஏதோ ஒரு பழம்பாட்டின் அடியைக் காட்டுவார், ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிடுவார். எந்த நூல், யார் பாடியது? ஒன்றும் இருக்காது. அந்நாளில் புலவர்கள் பாடம் கேட்டுவந்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணங்கள் எதிலும் அந்த அடிகள் இல்லை.

நச்சினார்க்கினியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர் காலத்து மாணவர்களுக்கு நூல்கள் மனப்பாடம். அரை அடி சொன்னால் போதும், மீதி தானே நினைவுக்கு வரும். இன்றைக்குப் பட்டிமன்றத்தில் ஒருவர் குறள் சொன்னால், அது திருக்குறள் என்று யாரும் விளக்குவதில்லை அல்லவா? அதுபோலத்தான். ஆனால் இடையில் சில நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. சங்க நூல்களைப் பாடம் சொல்வோர் அருகிப்போனார்கள். ஊரறிந்த அடிகள் அநாதையாகிவிட்டன.

பின்னர் ஐயர் எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஏட்டுச்சுவடிகளைப் படித்தபோதுதான், உரையில் பார்த்த அடிகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பட்டன. சங்கப் புலவர்கள்தாம் அந்தப் ‘பிறர்’! சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின. மேற்கோள்கள் எந்தெந்த நூலில் உள்ளவை என்று தேடித் தேடிக் குறிப்பதை அவர் தம் பதிப்பு வேலையின் முக்கியப் பகுதியாகவே வைத்துக்கொண்டார். இடம் தெரியாதவற்றை ‘விளங்கா மேற்கோள்’ என்று தனியே பட்டியலிட்டார். தெரியாததைத் தெரியாது என்று அச்சில் போட எவ்வளவு துணிவு வேண்டும்! இன்றைய ஆய்வேடுகளில் அப்படியொரு பட்டியலைக் காண்பது அரிது.

எல்லா உரையாசிரியர்களும் பெயரை விட்டுவிடவில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், இசைக்கும் நாடகத்துக்கும் தாம் நம்பிய நூல்களின் பெயர்களை வெளிப்படையாகச் சொன்னார். அவற்றில் ஒன்று பஞ்சமரபு. பல காலம் வெறும் பெயராக இருந்த அந்த நூல், ஏட்டிலிருந்து 1970களில் அச்சுக்கு வந்தது. அது சிலப்பதிகார உரைக்கு அடிப்படையான நூல்களுள் ஒன்று என்று அடையாளம் காண அந்த ஒரு குறிப்பு உதவியது.

புறத்திரட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. பழைய நூல்களிலிருந்து பாடல்களைத் தேர்ந்து, பொருள்வாரியாக அடுக்கிய தொகுப்பு இது. எந்தப் பாடல் எந்த நூலினுடையது என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. எஸ்.வையாபுரிப்பிள்ளை பதிப்பித்தார். முத்தொள்ளாயிரம் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் அதன் நூற்றுச் சொச்சம் பாடல்களை இன்று படிக்க முடிகிறதென்றால், புறத்திரட்டில் இருந்த அந்த நூற்பெயர்தான் காரணம். வளையாபதி, குண்டலகேசிப் பாடல்கள் பலவும் இவ்வழியாகவே பிழைத்தன.

இவ்வளவு கவனமாக மற்றவர்களின் நூற்பெயர்களை எழுதிவைத்த தொகுப்பாசிரியர், தம் பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை.