கைபேசி வழி மருத்துவப் பாடம்

மருத்துவக் கல்வி நோயாளியின் கட்டிலருகே வளர்ந்த கல்வியாகும். நூலறிவு எத்துணை இருப்பினும், நாடியைத் தொட்டுப் பார்க்கக் கற்பிக்க ஆசான் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும் என்பதே நெடுங்காலக் கொள்கை. அத்தகைய கல்வி இன்று கைபேசியின் சிறு திரையிலும் நடைபெறுகிறது. இது எவ்வாறு நேர்ந்தது, இதனால் பெறுவது யாது, இழப்பது யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே வில்லியம் ஆஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு வகுத்தனர். பட்டம் பெற்ற இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கிப் பயின்றனர். அவர்களை இன்றும் 'ரெசிடென்ட்' என்று அழைப்பது அதனாலன்றோ! ஆஸ்லர் அதற்கு முன்பே, 1875-இல், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஏடுகளைப் பலரும் பகிர்ந்து படித்து விவாதிக்க ஒரு கழகம் அமைத்திருந்தார். இன்றைய கைபேசிக் குழுவை அக்கழகத்தின் வழித்தோன்றல் எனலாம்.

தொலைவைக் கடக்கும் முயற்சிகளும் தொடர்ந்தன. 1935-இல் ரோம் நகரில் தோன்றிய நிலையம் ஒன்று, நடுக்கடலில் நோயுற்ற மாலுமிகளுக்கு வானொலி வாயிலாக மருத்துவ ஆலோசனை வழங்கியது. 1959-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இருவழித் தொலைக்காட்சியால் மாணவர்க்குப் பாடம் புகட்டியது. இவற்றுக்கெல்லாம் பொருட்செலவு மிகுந்த கருவிகள் வேண்டியிருந்தன. 2009-இல் 'வாட்ஸ்அப்' தோன்றியபின், மருத்துவர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் அக்கருவி தானே வந்து அமர்ந்தது. 2020-இல் பரவிய கொரோனாக் கொள்ளைநோய் வகுப்பறைகளை மூடியபோது அதன் பயன் யாவர்க்கும் விளங்கிற்று. அவ்வாண்டே இந்தியாவில், முதுநிலை மருத்துவ மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்னும் விதி வகுக்கப்பட்டது. ஆசானைப் பிரிந்து செல்லும் அம்மாணவர்க்குக் கைபேசிக் குழு ஒரு பாலமாயிற்று.

மருத்துவ ஆசிரியன் என்ற முறையில் நான் பின்பற்றும் வழக்கத்தைக் கூறுகிறேன். காலையில் ஓர் இதய மின்வரைபடத்தை அனுப்பி, நோயாளியின் வயதையும் நோய்க்குறிகளையும் இரண்டு வரியில் எழுதுவேன். விடையைக் குழுவில் இடாமல் எனக்குத் தனியே அனுப்புமாறு பணிப்பேன். முதல் விடை வெளிப்பட்டால் ஏனையோர் சிந்திப்பதை நிறுத்திவிடுவர் என்பதே காரணம். இரவில் எல்லா விடைகளையும், பெயர் நீக்கி, வெளியிட்டு விளக்குவேன். மூத்தோர் முன்னிலையில் வாய் திறவாத மாணவரும் இம்முறையில் துணிந்து எழுதுகின்றனர். எவர் எங்கே தடுமாறுகிறார் என்பதும் எனக்குப் புலனாகிறது.

ஆயினும் குறைகளும் உள. அனுப்பும்போது படம் சுருங்குவதால், எக்ஸ்-ரே படத்தின் நுண்ணிய கோடு மறைந்துவிடக்கூடும். நல்ல விளக்கமும் வாழ்த்துச் செய்திகளின் வெள்ளத்தில் சில நாட்களில் புதைந்துபோகிறது. இவற்றினும் பெரியது நோயாளியின் மறைபொருளைக் காக்கும் கடமை. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள், அனுப்புவோரும் பெறுவோரும் அன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யப்படுகின்றன. அது வழிக்குக் காவலேயன்றி வீட்டிற்குக் காவலன்று. பெற்றவர் கைபேசியில் அப்படம் குடும்பப் படங்களோடு கலந்து கிடக்குமாயின் அக்காவலால் என்ன பயன்? ஆதலின் நோயாளியின் இசைவைப் பெறுதலும், பெயர், எண், முகம் ஆகியவற்றை நீக்கியே படத்தை அனுப்புதலும் இன்றியமையாதவை.

வயிற்றின் இறுக்கத்தை விரலால் உணர்வதையும், துயரச் செய்தியை உறவினரிடம் பக்குவமாகக் கூறுவதையும் எத்திரையும் கற்பிக்க இயலாது. படம் கண்டு பயின்ற மாணவர் மறுநாள் காலை நோயாளியின் அருகே சென்று, தாம் கற்றதைக் கையாலும் காதாலும் சரிபார்க்க வேண்டும். அங்கே அவரை அனுப்பி வைக்கும் அளவிலேயே கைபேசிப் பாடம் நற்பயன் தரும். கட்டிலருகே செல்லாமலிருக்க அது சாக்காகுமாயின், அதனால் வரும் கேடு நோயாளியையே சாரும்.