நெடுநாள் கூலன்ட் (மோட்டார்ஹோம் டீசல் எஞ்சின்)

எஞ்சின் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கடத்துவதோடு, உறைதலையும் அரிப்பையும் பல ஆண்டுகள் தடுக்கும் திரவம். பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலும் தாது நீக்கிய நீரும் சமபாகமாகக் கலந்தது. ஏறத்தாழ −37° செ. வரை உறையாது. அரிப்புத் தடுப்பானைப் பொறுத்து, சிலிக்கேட் சார்ந்த பழைய வகை, கரிம அமிலம் சார்ந்த நெடுநாள் வகை, இரண்டும் சேர்ந்த கலப்பு வகை எனப் பிரிப்பர்.

தேர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சிலிண்டர் அமைப்பே. அமெரிக்க மோட்டார்ஹோம்களில் காணப்படும் கம்மின்ஸ் 8.3 லிட்டர் 'சி' வரிசை எஞ்சினில் சிலிண்டருக்குள் பொருத்திய குழலான லைனரின் புறச்சுவரைக் கூலன்ட் நேரடியாகத் தொடுகிறது. எரிதலின் அதிர்வில் அங்கே ஆவிக்குமிழிகள் தோன்றி உடைய, உலோகம் குழிந்து நாளடைவில் துளைபடும். இதைத் தடுக்க நைட்ரைட் அல்லது உரிய கரிம அமிலங்கள் வேண்டும்; சாதாரணக் கார் கூலன்ட் போதாது. லைனரற்ற 5.9 லிட்டர் 'பி' வரிசையில் இவ்வரிப்புச் சிக்கல் இல்லை.

கூலன்டின் நிறத்துக்குப் பொதுத் தரம் கிடையாது. எஞ்சின் தயாரிப்பாளரின் தரக்குறியீடே சான்று. மோட்டார்ஹோம்கள் குறைவாக ஓடுவதால், கூலன்ட் மாற்றத்துக்கான தூர வரம்புக்கு முன்பே ஆண்டு வரம்பு முடிந்துவிடுவதுண்டு.