ஏழு ரூபாய்க் குடும்பம்: மதராஸ் சிப்பாயை மறுபடி வாசித்தல்

மதராஸ் படையின் காலாட் சிப்பாயைப் பற்றி இரண்டு சித்திரங்கள் நிலைத்துவிட்டன. 1857-இல் வடக்கே பட்டாளங்கள் கிளர்ந்தெழுந்தபோது அசையாது நின்ற விசுவாசி என்பது ஒன்று. நீண்ட அமைதியில் மழுங்கிப்போன, போருக்கு உதவாத ஆள் என்பது மற்றொன்று. 1880-களின் முற்பாதியில் மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், 1897-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இந்த இரண்டாம் கருத்துக்கு வலுச் சேர்த்தார். இரண்டு சித்திரங்களிலும் சிப்பாய் தனியாள். படை லைனில் வாழ்ந்தவரோ மனைவி, மக்கள், பெற்றோர், சில வேளை விதவைச் சகோதரி என ஒரு வீட்டைச் சுமந்தவர். அவருடைய பணிவும் கலகமும் அந்த வீட்டின் வரவுசெலவிலிருந்தே விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வங்காளப் படையின் சிப்பாய் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்தார். விடுப்பு கிடைத்தால் ஊர் போனார். மதராஸ் சிப்பாய்க்குப் பட்டாளமே ஊர். தென்னாட்டுப் படையில் முஸ்லிம்கள், தெலுங்கர், தமிழர் ஒரே கம்பெனியில் கலந்து நின்றனர். சாதிவாரியாகக் கம்பெனி பிரிக்கும் வழக்கம் 1890-களில்தான் இங்கு வந்தது. குடிசையைச் சிப்பாயே கட்டிக்கொண்டார்; அரசு கொடுத்த குடிசைப் பணம் சொற்பம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டாளம் வேறு நிலையத்துக்கு மாறும். திருச்சிராப்பள்ளியிலிருந்து சிக்கந்தராபாத்துக்கோ நாகபுரிக்கு அருகிலுள்ள காம்ப்டிக்கோ போக வேண்டுமென்றால், பின்னால் மாட்டுவண்டிகளில் குடும்பங்கள் வாரக்கணக்கில் நகரும். வண்டிச் செலவு சிப்பாயின் தலையில்.

மாதச் சம்பளம் 7 ரூபாய். பழைய கணக்கில் 2 வராகன். இதிலேயே சாப்பாடு, உடுப்பில் ஒரு பகுதிக்கான பிடித்தம், குடும்பச் செலவு எல்லாம் அடங்கவேண்டும். 1895-இல்தான் அது 9 ரூபாய் ஆயிற்று. ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி அசையாத சம்பளத்தை ஏறி இறங்கும் தானிய விலையோடு வைத்துப் பார்த்தால், வெளிநிலையங்களில் கிடைத்த 'படி' ஏன் உயிர்ப் பிரச்சினை ஆயிற்று என்பது புரியும்.

கடல் தாண்டியதையும் இப்படித்தான் படிக்கவேண்டும். 1824-இல் பர்மாவுக்குப் போக ஆணை வந்தபோது பாரக்பூரில் வங்காளப் படையின் 47-ஆம் பட்டாளம் மறுத்துச் சுடப்பட்டது. மதராஸ் பட்டாளங்கள் கப்பலேறி ரங்கூனில் இறங்கின. பகைவரின் குண்டைவிட மழைக்காலக் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமே அங்கு மிகுதியாகக் கொன்றன. இந்த வேறுபாட்டைச் சாதி ஆசாரத்தின் இறுக்கம், தளர்வு என்று மட்டும் விளக்கிவிடுவது எளிது. போகிறவரின் சம்பளத்தில் ஒரு பங்கு ஊரிலுள்ள குடும்பத்துக்கு மாதந்தோறும் கொடுக்கப்படும் என்ற ஏற்பாடும், வெளிநாட்டுப் படியும் அந்த விளக்கத்தில் இடம் பெறுவதில்லை. அவை இல்லாமல் எத்தனை பேர் கப்பலேறியிருப்பார்கள்?

ஏற்பாடு முறிந்த இடத்தில் பணிவும் முறிந்தது. 1844-இல் சிந்துவுக்குப் புறப்பட்ட மதராஸ் 47-ஆம் பட்டாளத்துக்கு ஆளுநர் ட்வீடேல் கூடுதல் படி உறுதியளித்திருந்தார். கல்கத்தாவின் மேலரசு அதை ஏற்கவில்லை. சிப்பாய்கள் வீட்டுக்கு ஒதுக்கிய பங்கு போக, கையில் மிஞ்சுவது தமக்கே போதாது என்பது வழியில் பம்பாயில் தெரிந்தது. அணிவகுப்புத் திடலிலேயே கலகம் வெடித்தது. 1857-இல் வங்காளம் செல்லவேண்டிய மதராஸ் 8-ஆம் குதிரைப்படை வழியில் நின்று எழுப்பிய கோரிக்கையும் பழைய சம்பளம், படி, பென்ஷன் விகிதங்களைப் பற்றியதே. அந்தப் படை கலைக்கப்பட்டது. விசுவாசிகளின் ஆண்டில் நடந்த இந்தச் சம்பவம் பாராட்டுரைகளில் அதிகம் தலைகாட்டுவதில்லை.

இந்த வாதத்துக்கு வேலூர் தடையாகத் தோன்றலாம். 1806 ஜூலை 10 எழுச்சிக்குத் தொப்பி போன்ற புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி, கடுக்கன், தாடி மீதான கட்டுப்பாடுகளும் காரணம். கோட்டைக்குள் திப்புவின் மைந்தர்களும் இருந்தார்கள். காசுக்கணக்கு இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் வேலூர்ச் சிப்பாய்கள் கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடும்பத்தோடு குடியிருந்தவர்கள். மறுநாள் அணிவகுப்புக்காகத்தான் அன்றிரவு பலர் உள்ளே தங்கினார்கள். தொப்பி போட்டவன் கிறித்தவனாகிவிட்டான் என்று ஊர் சொன்னால், நாளைக்குப் பெண் கொடுப்பவர் யார், பந்தியில் சேர்ப்பவர் யார்? அந்தப் பேட்டையில் இது வெறும் மதக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

மழுங்கிப்போனவர்கள் என்ற தீர்ப்புக்கு ஒரு பதில் சீனாவில் இருக்கிறது. 1841 மே மாதம் காண்டன் அருகே சான்யுவான்லியில் மதராஸ் 37-ஆம் பட்டாளத்தின் ஒரு கம்பெனி பெருமழையில் தனித்துப்போய், திரண்ட கிராமத்தாரால் சூழப்பட்டது. சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள் நனைந்து சுட மறுத்தன. கலையாமல் சதுர வியூகமாக நின்று, துப்பாக்கிமுனைக் கத்தியாலேயே காத்துக்கொண்டார்கள். நனைந்தாலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கியோடு கடற்படைக் காலாட்கள் வந்து மீட்டார்கள். கருவியின் பழுதை மனிதரின் பழுதாக எழுதும் வழக்கம் பிற்காலத்தது.

பதவி உயர்ந்தாலும் எல்லை தெரிந்ததே: நாயக், அவில்தார், ஜமேதார், சுபேதார். நரைத்த சுபேதாரும் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய ஐரோப்பிய இளைஞருக்குக் கீழ்தான். முதுமையில் மருத்துவக் குழுவின் முன் நிற்கவேண்டும். வலுவிழந்தவர் என்று அது எழுதினால் பென்ஷன், அல்லது முதியோர் பட்டாலியனில் காவல் வேலை. வீட்டுக்கு அதைவிட முக்கியமான ஓர் ஏற்பாடும் மதராஸ் படையில் இருந்தது. சிப்பாயின் மகனைச் சிறுவனாகவே பட்டாளப் பதிவில் சேர்த்து, சிறு சம்பளம் கொடுத்து, பயிற்றி, வயது வந்ததும் அணியில் நிறுத்தினார்கள். பணியில் இறந்தவரின் பிள்ளைகளுக்கும் அவ்வாறு இடமிருந்தது. பென்ஷன் தந்தையோடு முடியும். பிள்ளையின் பெயர் பதிவில் ஏறினால் வீட்டுக்குள் இன்னொரு சம்பளம் வந்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆள் தேடும் செலவு மிச்சம்.

நூற்றாண்டின் தொடக்கத்தில் சிப்பாயைக் கம்பெனியோடு கட்டிப்போட்டதற்காக அதிகாரிகள் மெச்சிய இதே குடும்பத்தைத்தான், இறுதியில் படையின் நடையைத் தாமதிக்கும் சுமை என்று ஏசினார்கள். சில இனங்களே போருக்குத் தகுந்தவை என்ற போர்க்குடிக் கொள்கை அந்த ஏச்சுக்கு அறிவியல் சாயம் பூசியது. 1895-இல் மதராஸ் படை தனிப்படையாக இருப்பது நின்றது. 1903-இன் மறுசீரமைப்பில், 1759-இல் திரட்டப்பட்ட பட்டாளத்தின் வழிவந்த 2-ஆம் மதராஸ் காலாட்படை 62-ஆம் பஞ்சாபிகள் என்று பெயர் பெற்றது. போர்ச் சிறப்புகள் பட்டாளத்தோடு போயின. புதிய ஆட்கள் பஞ்சாபிலிருந்து வந்தார்கள். லைனில் பிறந்து, தந்தையின் பட்டாளத்தில் பெயர் எழுதக் காத்திருந்த பையன்களுக்கு அதில் இடமில்லை.