லார்கோ என்றால் மெதுவா?

மேற்கத்தேய சங்கீதம் படிக்கும் பிள்ளைகளின் கொப்பியில் ஒரு பட்டியல் இருக்கும்: கிராவே, லார்கோ, லென்டோ, அடாஜியோ. எதிரே "மெதுவாக", "மிக மெதுவாக" என்று எழுதியிருப்பார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இத்தாலி மொழியில் லார்கோ என்றால் அகலமானது, கிராவே என்றால் பாரமானது. வேகத்தைப் பற்றி அவற்றில் ஒரு பேச்சும் இல்லை. லென்டோதான் நேரடியாக மெதுவைச் சொல்கிறது. அடாஜியோவின் வேர், நாம் "ஆறுதலா வாங்க" என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த ஆறுதல்தான். மெது அதன் பின்னால் வந்தது.

1615இல் ஃபிரெஸ்கோபால்டி தன் நூலின் முன்னுரையில், டொக்காட்டாக்களின் தொடக்கத்தை அடாஜியோவாக வாசியுங்கள் என்றார். அது வாசிக்கும் விதத்துக்கான அறிவுரை. இத்தாலிய இசைஞர்கள் ஐரோப்பிய அரசவைகளுக்குப் போனபோது சொற்களும் கூடவே போயின. போன இடத்தில் ஒழுங்கு குழம்பியது. 1683இல் இங்கிலாந்தில் பர்செல், லார்கோ நடுத்தர வேகம் என்று விளக்கினார். 1768இல் ரூசோவின் இசை அகராதியில் அதே லார்கோ எல்லாவற்றிலும் மெதுவானது. 1801இல் கிளெமென்டியின் பியானோ பாடநூலில் அந்த இடம் அடாஜியோவுக்கு. மூவருமே விஷயம் தெரிந்தவர்கள்!

(தஜ்வீதிலும் தஹ்கீக், தத்வீர், ஹத்ர் என்று மூன்று நிலைகள் உண்டு. கிராஅத்தை இசையோடு ஒப்பிட வரவில்லை, சொற்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கும் எண் கிடையாது. உஸ்தாதின் வாயைப் பார்த்துத்தான் அளவு பிடிபடும்.)

பிறகு மெட்ரோனோம் வந்தது. அம்ஸ்டர்டாமில் விங்கல் கண்டுபிடித்ததை எடுத்து, 1815இல் காப்புரிமை பெற்றவர் மெல்சல். பெயரும் அவருக்கே போய்விட்டது. இப்போது நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று எழுதிவிடலாம். பீத்தோவனுக்கு அது பிடித்துப்போனது. 1817இல் எழுதிய ஒரு கடிதத்தில், அலெக்ரோ என்றால் மகிழ்ச்சி, பாட்டில் மகிழ்ச்சியே இல்லாவிட்டாலும் அதைத்தானே எழுதுகிறோம் என்று அலுத்துக்கொண்டார். அதே வருடம் தன் எட்டு சிம்பொனிகளுக்கும் எண்களை வெளியிட்டார்.

ஆனாலும் அவரால் சொற்களை விட முடியவில்லை. 1824இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் "அடாஜியோ மொல்ட்டோ எ கன்டாபிலே" என்று எழுதினார். மிகவும் ஆறுதலாக, பாடுவதுபோல். பின்னர் அதற்கு எண்ணும் கொடுத்தார்: நிமிடத்துக்கு 60 தட்டு, அதாவது செக்கனுக்கு ஒன்று.

எண்ணும் சொல்லும் ஒரே ஆளின் கையால் வந்தவை. என்றாலும் ஒத்துப்போகவில்லை. 1951இல் பைரோய்ட்டில் ஃபுர்ட்வெங்லர் நடத்தியபோது அந்தப் பகுதி சுமார் 19 நிமிடம் ஓடியது. எண்ணை நம்பிய நொரிங்டன் 1980களில் அதைச் சுமார் 11 நிமிடத்தில் முடித்தார். இரண்டு ஒலிப்பதிவும் இணையத்தில் கிடைக்கும். முதலில் 19 நிமிடத்தைக் கேளுங்கள்.