எச்பிஏ1சி அறிக்கையில் விடுபடும் வரி: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்து

எச்பிஏ1சி சோதனையைச் சர்க்கரைச் சோதனை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது புரதச் சோதனை. ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை ஆய்வுக்கூடம் அளக்கிறது. அதைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையளவை மருத்துவர் கணிக்கிறார். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும் என்று கொண்டுதான் இந்தக் கணிப்பு. அந்த ஆயுள் மாறிய உடலில் எண் பிசகும். அந்த எச்சரிக்கை, எண் அச்சாகும் அதே தாளில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோய் ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4, மாநிலங்களுள் நெகிரி செம்பிலானே முதலிடம், 33.2. சிலியாவ், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் 'இனிப்பு நீர்' என்ற சொல் புழங்காத வீடு அரிது.

பால்மரம் சீவி ஓய்ந்த மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு இரும்புச்சத்துக் குறைவு. அதனாலேயே எச்பிஏ1சி சற்று உயர்ந்து காட்டும். தலசீமியா என்ற மரபுவழி இரத்தக் குறைபாட்டால் சிவப்பணு விரைந்து அழிந்தாலோ, இரத்தம் ஏற்றியிருந்தாலோ தாழ்ந்து காட்டக்கூடும். இரு பெற்றோரிடமிருந்தும் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட வகையைப் பெற்றவருக்கு வழக்கமான ஹீமோகுளோபின் ஏ இருக்காது; எச்பிஏ1சி என்ற எண்ணுக்கே அங்கு பொருளில்லை. 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியாச் சோதனை தொடங்கியது. பேத்தியின் இரத்தநிலை பதிவாகிறது. பாட்டி அந்தச் சோதனைக்கு முந்திய தலைமுறை.

எல்லைக்கோட்டிலும் சிக்கல் உண்டு. மலேசிய வழிகாட்டுதலின்படி 6.3 விழுக்காடு வந்தாலே நீரிழிவு. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வகுத்த எல்லை 6.5. அளவீட்டின் மாறுபாட்டுக் கெழு 3 விழுக்காடு என்றால், 6.3 என்று அச்சான எண்ணின் உண்மை மதிப்பு 5.9 முதல் 6.7 வரை எங்கும் இருக்கலாம். 6.4 பெற்ற நம் மூதாட்டிக்கு வாழ்நாள் மாத்திரையா, இரும்புச்சத்தா? அந்த எண்ணை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

நோயாளியின் நிலை எங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஆய்வுக்கூடத்தார் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முழு இரத்த எண்ணிக்கைக்கும் அதே நாளில் இரத்தம் எடுத்திருந்தால், ஹீமோகுளோபின் அளவும் சிவப்பணுவின் சராசரிப் பருமனும் அதே கணினியில் இருக்கும். நிறப்பிரிகை முறையில் அளக்கும் கருவி, மாறுபட்ட ஹீமோகுளோபின் பலவற்றைத் தனி முகடாக வரைந்தே காட்டுகிறது. தெரிந்ததை எழுதாமல் விடுவதைத்தான் நான் குறையென்கிறேன். அவ்விரு அளவுகளையும் எச்பிஏ1சியின் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஐயம் எழுந்தால் 'இவ்வெண்ணைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம். குளுக்கோஸ் அல்லது ஃப்ரக்டோசமைன் பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஃப்ரக்டோசமைன் அல்புமின் முதலிய இரத்தநீர்ப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் சிவப்பணுவின் ஆயுள் அதைத் தொடாது.

அந்த வரி மலாயிலும் தமிழிலும் வரட்டும். சிரம்பான் ஆய்வுக்கூடங்கள் இதைத் தொடங்கப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.