தாமிரபரணி நெல்லும் தழைச்சத்தும்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய பருவங்களில் விளைந்த நாட்டு நெல் ரகங்கள், ஆனைக்கொம்பன் முதலானவை, நெடிது வளர்பவை. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிஞ்சினால் தாள் நீண்டு மெலியும். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு மழைக்காற்றுக்கே சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் சேற்றில் கிடந்து முளைக்கும், அறுப்புக் கூலியும் கூடும். அதனால் சம்சாரிகள் உரத்தை அளவோடுதான் இட்டார்கள்.

அந்த உரம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்தது. குளத்து வண்டல், ஆட்டுக்கிடை, வெட்டிப் போட்ட தழை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொழிஞ்சி. கொழிஞ்சியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. செடியை வயலில் மடக்கி உழுது சேற்றில் மிதித்தால் தழை மெல்ல அழுகி, பயிருக்குச் சத்து தவணை தவணையாகக் கிடைக்கும்.

அதிக உரம் தாங்கும் நெல்லைத் தேடி 1950-களில் கட்டாக்கில் ஜப்பானிய நெல்லும் இந்திய நெல்லும் கலக்கப்பட்டன. தழைச்சத்தை விளைச்சலாக மாற்றும் திறனை ஜப்பானிய நெல்லிலிருந்து பெறுவதே அந்தத் திட்டத்தின் நோக்கம். அதன் வழியில் ஆடுதுறையிலிருந்து நோரின் 10, ஜி.இ.பி. 24 ஆகியவற்றின் கலப்பான ஏ.டி.டீ. 27 வந்தது. 1966-இல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐ.ஆர். 8 இன்னும் குட்டை. அதன் பெற்றோரில் ஒன்றான நெட்டை ரகம் பேட்டா, மழைப் பருவத்தில் உரம் கூடக் கூட விளைச்சலில் இறங்கியது, ஐ.ஆர். 8 ஏறியது. அதே ஆண்டுகளில் வடக்கே மெக்சிகோவின் குட்டைக் கோதுமையும் இதே காரணத்தால்தான் பரவியது.

1937-இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16, இந்தப் பள்ளத்தாக்கின் நெல்லாகவே ஆகிவிட்டது. அதற்குள், 1975-இல், தூத்துக்குடி ஸ்பிக் ஆலையில் யூரியா உற்பத்தியும் தொடங்கியிருந்தது. ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்றால் ஏறக்குறைய 260 கிலோ யூரியா, இன்றைய 45 கிலோ மூட்டையில் ஆறுக்குச் சற்றுக் குறைவு.

இட்டதில் பெரும்பகுதி பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் வேதனை. சேற்று வயலில் யூரியா அம்மோனியமாக மாறும். ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மேல்மண்ணில் நைட்ரேட்டாக மாறியது காற்றில்லாத அடிமண்ணுக்கு இறங்கி, நைட்ரஜன் வாயுவாக வெளியேறும். பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்.

குட்டைத்தன்மைக்கும் இதில் பங்குண்டு. வளர்ச்சியை அடக்கும் டெல்லா புரதங்கள் குட்டை நெல்லிலும் குட்டைக் கோதுமையிலும் திரண்டு, வேர் தழைச்சத்தை இழுப்பதையும் மட்டுப்படுத்துவதாகச் சீன ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். ஆனால் எடுத்த சத்தை வைக்கோலுக்குக் குறைத்து மணிக்குக் கூட்டித் தருவதில் குட்டை ரகமே தேர்ந்தது. எனவே நாட்டு நெல்லா புது நெல்லா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

இழப்பைக் குறைக்க யூரியாவில் வேப்பம் பிண்ணாக்கு கலந்து இடுவது வழக்கமாயிற்று. 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேம்பு பூசியே வருகிறது. இலை வண்ண அட்டையும் வயலுக்கு வந்தது. இலையின் பச்சை பெரும்பாலான ரகங்களில் 4-க்கும், வெள்ளைப் பொன்னியில் 3-க்கும் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம் இட வேண்டும் என்பது அதன் கணக்கு.